செரெட்சே காமா: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க விடுதலைக் காலத்தைப் பற்றி எங்கே பேசப் போனாலும் நுக்ருமா, லுமும்பா, நியெரெரே, கென்யாட்டா என்ற பெயர்களைக் கேட்டுத் தலையசைக்கிறார்கள். செரெட்சே காமா என்றதும் கேள்விகள் தொடங்குகின்றன. "வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாரே, அவரா?" என்பதோடு பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். "வைரம் கிடைத்தது, நாடு பிழைத்தது" என்று மற்றவர்கள் முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம் தருகின்றன. அவருடைய காதல் துணிச்சலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதிகாரம் கைக்கு வந்தபோது அதை அவர் கையாண்ட விதத்தில்தான் அந்த மனிதரின் உயரம் தெரிகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

செரெட்சே காமா யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவர். 1921 ஜூலை 1 அன்று செரோவே என்ற ஊரில் பாமாங்வாட்டோ மக்களின் அரச குடும்பத்தில் பிறந்தார். காதலித்து மணந்ததற்காகப் பிரிட்டிஷ் அரசு அவரைச் சொந்த மண்ணிலிருந்து ஆறு ஆண்டுகள் விலக்கி வைத்தது. திரும்பி வந்து கட்சி தொடங்கினார், தேர்தலில் வென்றார், 1966-இல் நாட்டை விடுதலைக்கு அழைத்துச் சென்றார். 1980 ஜூலை 13 அன்று, பதவியில் இருக்கும்போதே, 59 வயதில் காலமானார்.

போட்ஸ்வானா எங்கே இருக்கிறது? அதற்கு முன்பு வேறு பெயராமே?

தென்னாப்பிரிக்காவுக்கு நேர் வடக்கே, கடலே இல்லாத நாடு. பெரும்பகுதி கலஹாரி வறண்ட நிலம். மக்கள் கிழக்கு ஓரமாகத்தான் நெருக்கமாக வாழ்கிறார்கள். மாடுதான் செல்வம், மழைதான் பேச்சு.

1885-இல் பிரிட்டன் இதைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு பெச்சுவானாலாந்து என்று பெயரிட்டது. எடுத்துக்கொண்டதே தவிர, எதையும் கட்டவில்லை. வடக்கே போகும் பாதை வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. நிர்வாகத் தலைமையகம்கூட நாட்டுக்குள் இல்லை. எல்லைக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவின் மாஃபெக்கிங் நகரில் இருந்தது. ஒரு நாட்டை எழுபது, எண்பது ஆண்டுகள் வெளியூரில் உட்கார்ந்து ஆண்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல விஷயங்கள் தாமாகவே புரியும்.

பிரிட்டிஷ் ஆட்சி இருக்கும்போது அரச குடும்பம் எப்படி இருந்தது? நம் சமஸ்தானங்கள் போலவா?

ஏறத்தாழ அப்படித்தான். ஒவ்வொரு இனக்குழுவுக்கும் 'கோசி' என்ற தலைவர் உண்டு. நிலம் பகிர்வது, வழக்குத் தீர்ப்பது, வரி திரட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் அவர் நினைத்ததெல்லாம் நடந்துவிடாது. 'கோட்லா' என்ற பொதுக்கூட்டத்தில் ஆண்கள் கூடிப் பேசுவார்கள். தலைவரை முகத்துக்கு நேரே குறை சொல்லலாம். எல்லோரும் பேசி முடித்த பின்புதான் தலைவர் தன் முடிவைச் சொல்வார்.

செரெட்சேயின் தாத்தா மூன்றாம் காமா பெரிய ஆளுமை. செசில் ரோட்ஸின் வணிக நிறுவனத்திடம் இந்த நிலத்தை ஒப்படைக்கப் பிரிட்டன் முடிவு செய்தபோது, 1895-இல் அவரும் செபேலே, பதோயென் என்ற வேறு இரண்டு தலைவர்களும் கப்பலேறி லண்டனுக்கே போனார்கள். ஊர் ஊராகத் தேவாலயங்களில் பேசி மக்கள் ஆதரவைத் திரட்டினார்கள். ரயில் பாதைக்கு ஒரு பட்டை நிலம் கொடுக்க நேர்ந்தது, நாடு தப்பித்தது. அவர்கள் அன்று போகாமல் இருந்திருந்தால் பெச்சுவானாலாந்து, வெள்ளையர் ஆண்ட ரொடீசியாவைப் போல (இன்றைய ஜிம்பாப்வே) இன்னொன்று ஆகியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்பா இறந்தபோது செரெட்சேக்கு நான்கு வயது என்கிறார்கள். அப்படியானால் ஆண்டது யார்?

தந்தை இரண்டாம் செக்கோமா 1925-இல் இறந்தார். குழந்தை தலைவரானது. சித்தப்பா செகெடி காமா பிரதிநிதியாக ஆட்சியை ஏற்றார். அப்போது அவருக்கே இருபது வயதுதான். அண்ணன் மகனைத் தன் மகனாகவே வளர்த்தார். தென்னாப்பிரிக்காவில் டைகர் குளூஃப், லவ்டேல் பள்ளிகள், பிறகு ஃபோர்ட் ஹேர் கல்லூரி, 1945-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரி, அடுத்து லண்டனில் சட்டப் படிப்பு என்று படிக்க வைத்தவர் அவர்தான்.

செகெடியை வில்லனாக நினைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கு 1933-இல் நடந்ததைச் சொல்வேன். உள்ளூர்ப் பெண்களிடம் தொடர்ந்து தவறாக நடந்த ஒரு வெள்ளை இளைஞனுக்கு கோட்லாவில் கசையடித் தண்டனை கொடுத்தார் செகெடி. ஒரு கறுப்பினத் தலைவர் வெள்ளையனைத் தண்டிப்பதா என்று கொதித்த பிரிட்டிஷ் அதிகாரிகள், கேப் பகுதியிலிருந்து கடற்படை வீரர்களையும் பீரங்கிகளையும் ரயிலில் ஏற்றி அந்தப் பாலைநிலத்துக்குக் கொண்டுவந்து அவரைப் பதவிநீக்கம் செய்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்ததால் சில வாரங்களிலேயே பதவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ரூத்தை எப்படிச் சந்தித்தார்?

1947-இல் லண்டனில், மிஷனரி சங்கத்தைச் சேர்ந்தவர்கள் நடத்திய ஒரு நடன மாலையில். ரூத் வில்லியம்ஸ் போர்க்காலத்தில் விமானப்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றியவர். பிறகு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தர். ஜாஸ் இசைதான் இருவரையும் நெருங்கவைத்தது.

திருமணம் என்றதும் எல்லாக் கதவுகளும் மூடின. ரூத்தின் தந்தை வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னார். தேவாலயத்தில் மணமுடிக்க ஏற்பாடாகியிருந்தது; அரசு சம்மதித்தால்தான் முடியும் என்று லண்டன் பிஷப் தடுத்துவிட்டார். கடைசியில் 1948 செப்டம்பர் 29 அன்று கென்சிங்டன் பதிவாளர் அலுவலகத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள்.

சித்தப்பா ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்த்தார்? அவருக்கும் நிறவெறியா?

அப்படிச் சொல்வது நியாயமாகாது. ஒரு தலைவருடைய மனைவி அந்த மக்கள் அனைவருக்கும் தாய், அவள் வயிற்றில் பிறப்பவன்தான் அடுத்த தலைவன் என்பது அவர்கள் மரபு. ஆகையால் தலைவரின் திருமணம் தனிப்பட்ட விஷயம் ஆகாது. கோட்லா அறிந்து, பெரியவர்கள் ஒப்பி நடக்க வேண்டியது. யாரிடமும் கேட்காமல் மணந்துகொண்டது செகெடிக்குத் துரோகமாகத் தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவனுக்காக ஒரு நாட்டைக் கட்டிக் காத்தவரின் ஆற்றாமை அது.

அவர் செய்த பெரிய பிழை வேறு. குடும்பச் சண்டையைத் தீர்க்கப் பிரிட்டிஷ் அதிகாரிகளை உள்ளே அழைத்தார். பீரங்கியோடு வந்தவர்களை நன்கு அறிந்தவர் அதைச் செய்திருக்கக் கூடாது. பின்னர் அவரையே பாமாங்வாட்டோ பகுதிக்குள் நுழையக் கூடாது என்று அந்த அதிகாரிகள் விலக்கி வைத்தார்கள்.

ஊர் மக்கள் என்ன சொன்னார்கள்?

மூன்று கோட்லாக்கள் நடந்தன. 1948 நவம்பரில் முதல் கூட்டம். பேசியவர்கள் பெரும்பாலும் திருமணத்தைக் கண்டித்தார்கள். டிசம்பரில் இரண்டாவது, கருத்து மெல்ல மாறத் தொடங்கியது. 1949 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் கூடிய மூன்றாவது கூட்டத்தில் செரெட்சே நேரடியாகவே கேட்டார்: என்னையும் என் மனைவியையும் ஏற்பவர்கள் எழுந்து நில்லுங்கள். கூட்டம் எழுந்து நின்றது. செகெடியின் பக்கம் ஏறத்தாழ நாற்பது முக்கியஸ்தர்கள் மட்டும் இருந்தார்கள்.

மக்கள் மனம் மாறியதற்கு ரூத் காரணம் இல்லை. அவரை அப்போது யாரும் பார்த்ததுகூட இல்லை. செகெடியே நிரந்தரமாக ஆளப் பார்க்கிறாரோ என்ற சந்தேகம் ஒரு பக்கம். பிறப்பால் தலைவர் செரெட்சேதான், அவரை இழக்க முடியாது என்ற உணர்வு மறுபக்கம். ஆகஸ்டில் ரூத் செரோவே வந்து சேர்ந்தார். பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு வரவேற்றார்கள்.

மக்களே ஏற்றுக்கொண்ட பிறகு பிரிட்டனுக்கு என்ன பிரச்சினை?

தென்னாப்பிரிக்கா. 1948-இல் அங்கே நிறவெறிக் கொள்கையோடு மலானின் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. 1949-இல் கலப்புத் திருமணத் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்பின அரசரும் வெள்ளைக்கார அரசியும் ஒரே வீட்டில் வாழ்வது அந்தச் சட்டத்தின் அடித்தளத்தையே கேலிக்குள்ளாக்கும். தெற்கு ரொடீசியாவின் வெள்ளையர் அரசும் அதே எதிர்ப்பைத் தெரிவித்தது.

போரில் நொடிந்திருந்த பிரிட்டனுக்குத் தென்னாப்பிரிக்கத் தங்கம் தேவை. அணுகுண்டுத் திட்டத்துக்கு அங்கிருந்து யுரேனியம் தேவை. பெச்சுவானாலாந்தைத் தங்களோடு இணைக்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்கா நெடுநாளாகக் கேட்டுக்கொண்டும் இருந்தது. இப்போது மலானைச் சீண்டினால் அந்தக் கோரிக்கை வலுக்கும் என்று லண்டன் பயந்தது.

நீதிபதி ஹாராகின் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். செரெட்சே தலைமைக்குத் தகுதியானவர் என்பதைக் குழு ஒப்புக்கொண்டது. ஆனால் அண்டை வெள்ளையர் அரசுகளின் பகையைக் காரணம் காட்டி அவரை ஏற்கக் கூடாது என்றது. உண்மைக் காரணம் இப்படி வெளிப்படையாக எழுதப்பட்டுவிட்டதால் அறிக்கையையே பூட்டி வைத்தார்கள். சுமார் முப்பது ஆண்டுகள் அது வெளிவரவில்லை. இதைச் செய்தது அட்லியின் தொழிற்கட்சி அரசு, இந்தியாவுக்கு விடுதலை கொடுத்த அதே அரசு, என்பதை நம்மவர்கள் பலரால் நம்ப முடிவதில்லை.

நாடு கடத்தினார்கள் என்றால், கைது செய்து கொண்டுபோனார்களா?

அவ்வளவு நேர்மைகூட இல்லை. பேசித் தீர்க்கலாம் என்று லண்டனுக்கு அழைத்தார்கள். ரூத்தையும் வரச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். அது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது பிறகு தெரிந்தது. 1950 மார்ச்சில் லண்டனில் அமைச்சர் பேட்ரிக் கார்டன் வாக்கர், பதவியை நீங்களே துறந்தால் ஆண்டுக்கு 1,100 பவுண்டு தருகிறோம் என்றார். செரெட்சே மறுத்தார். ஐந்து ஆண்டுகள் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். தாமும் தம் மக்களும் ஏமாற்றப்பட்டுவிட்டோம் என்று அவர் ரூத்துக்குத் தந்தி அடித்தார். ரூத் அப்போது செரோவேயில் கர்ப்பிணி. மே மாதம் மகள் ஜாக்குலின் பிறந்தாள். பிறகு குடும்பமாக இங்கிலாந்தில் அகதி வாழ்க்கை.

எதிர்க்கட்சியில் இருந்தபோது சர்ச்சில் இந்த நடவடிக்கையை நாடாளுமன்றத்தில் கண்டித்தார். ஆனால் அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்ததும், 1952-இல், ஐந்தாண்டுத் தடையை நிரந்தரத் தடையாக்கிவிட்டது. ஜமைக்காவில் ஓர் அரசு வேலை தருகிறோம், அங்கே போய் இருங்கள் என்றும் சொன்னார்கள். அதையும் மறுத்தார்.

மக்கள் சும்மா இருந்தார்களா?

இல்லை. வேறு தலைவரைத் தேர்ந்தெடுங்கள் என்று அதிகாரிகள் எத்தனை முறை சொல்லியும் பாமாங்வாட்டோ மக்கள் மறுத்தார்கள். செரெட்சே இருக்கும்போது இன்னொருவரா என்பதே அவர்கள் பதில். 1952 ஜூனில் செரோவே கோட்லாவில் மோதல் வெடித்து மூன்று போலீஸ்காரர்கள் இறந்தார்கள். கைதுகள், வழக்குகள் தொடர்ந்தன.

பிரிட்டனுக்குள்ளும் ஆதரவு இருந்தது. மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன், எம்.பி.க்கள் ஃபென்னர் பிராக்வே, டோனி பென் ஆகியோர் இடைவிடாமல் குரல் கொடுத்தார்கள். செரெட்சே தம் இரட்டை மகன்களில் ஒருவனுக்கு டோனி பென்னின் பெயரையே ஒட்டி ஆன்டனி என்று பெயர் வைத்தார். இன்னொருவனுக்கு வைத்த பெயர் செகெடி.

செகெடியா? திருமணத்தை எதிர்த்த அதே சித்தப்பாவின் பெயரா?

ஆம். இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். இருவரையுமே பிரிட்டன் விலக்கி வைத்திருந்ததால் சேர்ந்து நின்றால்தான் வழி பிறக்கும் என்று புரிந்துகொண்டார்கள். இருவரும் தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் தலைமைப் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1956-இல் செரெட்சே சாதாரணக் குடிமகனாக ஊர் திரும்பினார். 1959-இல் செகெடி இறந்தார். அவர் உயிரோடு இருந்திருந்தால் புதிய நாட்டில் என்ன பங்கு வகித்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது தோல்விதானே?

அன்று அப்படித்தான் தெரிந்தது. மாட்டுப் பண்ணை நடத்திப் பார்த்தார், அது சோபிக்கவில்லை. நீரிழிவு நோயும் சேர்ந்துகொண்டது. ஆனால் கோசியாக ஊர் திரும்பியிருந்தால் அவர் பாமாங்வாட்டோ மக்களுக்கு மட்டுமே தலைவர். பதவி இல்லாமல் வந்ததால் எல்லா இனக்குழுக்களிடமும் போய் வாக்குக் கேட்க முடிந்தது. பிரிட்டன் அவரைச் சிறுமைப்படுத்த நினைத்துச் செய்த காரியம் ஒரு தேசியத் தலைவரை உருவாக்கிவிட்டது.

சிறைக்குப் போனாரா? விடுதலைக்காகப் போராடினாரா?

சிறை இல்லை, ஆயுதம் இல்லை. 1960-இல் தொடங்கிய பெச்சுவானாலாந்து மக்கள் கட்சிதான் முதலில் தீவிரமாக விடுதலை கேட்டது. அது பின்னர் உட்பூசலால் உடைந்தது. செரெட்சே 1962-இல் பெச்சுவானாலாந்து ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். உடன் நின்றவர் குவெட் மசீரே, ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் இருந்த விவசாயி, வேறு இனக்குழுவைச் சேர்ந்தவர். மசீரே அமைப்பைக் கட்டினார், செரெட்சே மக்களைக் கட்டினார். 1965 மார்ச் தேர்தலில் 31 இடங்களில் 28 இவர்களுக்குக் கிடைத்தன.

மிதவாதி என்பதால் பிரிட்டன் இவரை விரும்பியது என்று எதிராளிகள் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. பதினாறு ஆண்டுகளுக்கு முன் துரத்திய அரசே 1966-இல் 'சர்' பட்டம் கொடுத்தது; அவரும் வாங்கிக்கொண்டார். எனக்கு இது கொஞ்சம் உறுத்தும். ஆனால் கிராமத்து மக்கள் வாக்களித்தது லண்டனின் விருப்பத்துக்காக இல்லை.

1966-இல் நாடு எந்த நிலையில் இருந்தது?

உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. செப்டம்பர் 30 அன்று கொடியேறியபோது பல ஆண்டுப் பஞ்சம் நாட்டை வாட்டிக்கொண்டிருந்தது. மாடுகள் லட்சக்கணக்கில் செத்திருந்தன. ஏறத்தாழ ஐந்தரை லட்சம் மக்கள். தார்ச் சாலை சுமார் 12 கிலோமீட்டர். பட்டதாரிகள் 22 பேர் என்பார்கள். அரசின் வழக்கமான செலவில் பாதியைப் பிரிட்டன் கொடுத்தால்தான் சம்பளம் போட முடியும். மாஃபெக்கிங்கில் இருந்த தலைமையகத்துக்குப் பதிலாகக் கபரோனே என்ற புதிய தலைநகரை அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு இளைஞர்கள் கூலிகளாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வைரம் கிடைத்தது, அதனால் முன்னேறினார்கள். இதில் அவருடைய சாதனை என்ன?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. வைரம் காங்கோவிலும் கிடைத்தது, சியரா லியோனிலும் அங்கோலாவிலும் கிடைத்தது. அங்கெல்லாம் அது உள்நாட்டுப் போருக்குத் தீனி போட்டது என்பது தெரிந்ததே. வைரம் தானாக எந்த நாட்டையும் வாழவைத்ததில்லை.

1967-இல் டி பியர்ஸ் நிறுவனத்தின் நிலவியலாளர்கள் ஒராபாவில் வைரத்தைக் கண்டார்கள். ஒராபா இருப்பது பாமாங்வாட்டோ நிலத்தில், அதாவது செரெட்சேயின் சொந்த மக்களின் நிலத்தில். அதுவரை நிலத்துக்கு அடியில் இருப்பதும் அந்தந்த இனக்குழுவுக்கே உரியது. அதே 1967-இல் வந்த கனிமச் சட்டத்தின்படி நாடு முழுவதும் கனிம உரிமை அரசுக்குப் போனது. தம் குடியின் சொத்தை நாட்டின் சொத்தாக்கியவர் அந்தக் குடியின் தலைமைக்குப் பிறந்தவர் என்பதால் மற்றவர்களால் மறுத்துப் பேச முடியவில்லை. பின்னாளில் இன்னும் வளமான ஜ்வானெங் சுரங்கம் வேறோர் இனக்குழுவின் நிலத்தில் கிடைத்தபோது யாருடையது என்ற சண்டையே எழவில்லை. நைஜீரியாவில் எண்ணெய்க்காகவும் காங்கோவின் கட்டங்கா பகுதியில் தாமிரத்துக்காகவும் சிந்திய ரத்தத்தை நினைத்தால் இந்த ஒரு சட்டத்தின் அருமை விளங்கும்.

அடுத்தது பேரம். தொடக்கத்தில் அரசின் பங்கு 15 விழுக்காடு மட்டுமே. சுரங்கத்தின் உண்மையான வளம் தெரிந்ததும் மசீரேயும் அதிகாரிகளும் மறுபடி உட்கார்ந்து பேசி 1975-இல் அதைப் பாதிக்குப் பாதி ஆக்கினார்கள். நாட்டுடைமை என்று முழங்கவில்லை, நிறுவனத்தை விரட்டவில்லை, அதே நேரம் அது கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மாவும் இருக்கவில்லை. 1970-களின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் உதவி இல்லாமல் வரவுசெலவைச் சமாளிக்கும் நிலைக்கு நாடு வந்துவிட்டது. பணம் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் கிராமத்துக் குடிநீருக்கும் போனது.

மற்ற அரசர்களை அவர் என்ன செய்தார்?

மரியாதையைக் கொடுத்து அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். தலைவர்கள் அவை ஒன்று அமைந்தது. அது ஆலோசனை சொல்லலாம், சட்டம் இயற்ற முடியாது. 1968-இல் வந்த நிலச் சட்டத்தின்படி நிலம் ஒதுக்கும் உரிமை கோசிகளிடமிருந்து நில வாரியங்களுக்கு மாறியது. உரிமையாளர் இல்லாமல் திரியும் மாடுகள்கூட மரபுப்படி தலைவருக்கு உரியவை. அந்த வருமானமும் மாவட்ட மன்றங்களுக்குப் போனது. கோட்லாவை மட்டும் அவர் கைவிடவில்லை. அமைச்சர்கள் புதிய திட்டங்களை ஊர் ஊராகப் போய் கோட்லாவில் விளக்கினார்கள்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. இரண்டாம் பதோயென் தம் தலைமைப் பதவியை விட்டு எதிர்க்கட்சியில் சேர்ந்து 1969 தேர்தலில் நின்று துணைத் தலைவர் மசீரேயையே தோற்கடித்தார். 1895-இல் மூன்றாம் காமாவோடு லண்டன் போன முதலாம் பதோயெனின் பேரன் அவர். மசீரே நியமன உறுப்பினராகத்தான் நாடாளுமன்றத்துக்குத் திரும்ப முடிந்தது.

தென்னாப்பிரிக்காவை எதிர்த்தாரா, அனுசரித்துப் போனாரா?

இரண்டும். நாடு அவர்களை நம்பித்தான் மூச்சு விட்டது. நாணயம் அவர்களுடைய ராண்ட், ரயிலை நடத்தியது ரொடீசியா, இறைச்சி ஏற்றுமதி அவர்கள் துறைமுகம் வழியாக. அதனால் விடுதலைப் போராளிகளுக்குப் படை முகாம் அமைக்க இடம் தர முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அகதிகளை ஏற்றுக்கொண்டார். 1976-இல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மாணவர்கள் கிளர்ந்தெழுந்த சொவெட்டோ எழுச்சிக்குப் பிறகு தப்பி வந்த மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. மலாவியின் பண்டா 1967-இல் தென்னாப்பிரிக்காவோடு தூதரக உறவு வைத்துக்கொண்டார். செரெட்சே வைத்துக்கொள்ளவில்லை. கபரோனேயில் அவர்கள் கொடி பறக்கவில்லை.

கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். 1969-இல் சுங்க ஒன்றிய ஒப்பந்தத்தைத் திருத்தி அதிகப் பங்கு பெற்றார். வடக்கே ஜாம்பியாவுக்குச் சாலை போட்டார். 1976-இல் 'புலா' என்ற சொந்த நாணயம் வந்தது. தான்சானியாவின் நியெரெரே, ஜாம்பியாவின் கௌண்டா, மொசாம்பிக்கின் மஷேல் ஆகியோரோடு, வெள்ளையர் ஆட்சிகளை எதிர்த்த முன்னணி நாடுகளின் அணியில் நின்றார். 1980 ஏப்ரலில் லுசாகாவில் ஒன்பது நாடுகள் சேர்ந்து பொருளாதாரக் கூட்டமைப்பை உருவாக்கியபோது அவர்தான் முன்னின்றார். அதே மாதம் ஜிம்பாப்வே விடுதலையானதையும் பார்த்துவிட்டார்.

பல ஆண்டுகள் ராணுவமே வைத்துக்கொள்ளவில்லை என்பது உண்மையா?

உண்மை. போலீஸ் மட்டுமே இருந்தது. படைக்குச் செலவழிக்கப் பணமில்லை என்பது ஒரு காரணம். அக்கம்பக்கத்தில் ராணுவப் புரட்சிகளைப் பார்த்திருந்ததும் காரணமாக இருக்கலாம். ரொடீசியப் படைகள் எல்லை தாண்டி வந்து ஆட்களைக் கொல்வதும் கடத்துவதும் பெருகியதால் 1977-இல் பாதுகாப்புப் படை அமைக்க வேண்டியதாயிற்று. 1978 பிப்ரவரியில் லெஷோமாவில் பதுங்கியிருந்து தாக்கிய ரொடீசியர்கள் அந்த இளம் படையின் 15 வீரர்களைக் கொன்றார்கள்.

பல்கலைக்கழகம் கட்ட மக்கள் மாடு கொடுத்தார்களாமே?

கொடுத்தார்கள். லெசோத்தோ, சுவாசிலாந்து, போட்ஸ்வானா மூன்றுக்கும் பொதுவாக ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. 1975-இல் லெசோத்தோ தன் வளாகத்தை எடுத்துக்கொண்டு பிரிந்துவிட்டது. போட்ஸ்வானா மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஆளுக்கொரு மாடு என்ற இயக்கத்தைச் செரெட்சே தொடங்கினார். மாடு இருந்தவர்கள் மாடு, இல்லாதவர்கள் ஆடு, கோழி, முட்டை, தானியம், சில்லறைக் காசு என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த வளாகம் கபரோனேயில் இன்றும் இருக்கிறது. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

சாகும் வரை பதவியில் இருந்தவரை ஜனநாயகவாதி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. 1965, 1969, 1974, 1979 என்று நான்கு தேர்தல்களைச் சந்தித்தார். நான்கிலும் எதிர்க்கட்சிகள் போட்டியிட்டன, இடங்களும் பெற்றன. மேலே சொன்னபடி துணைத் தலைவரே தோற்றார். அந்த முடிவு அப்படியே ஏற்கப்பட்டது. கானா முதல் தான்சானியா வரை ஒரு கட்சி ஆட்சியே ஆப்பிரிக்க வழி என்று பேசப்பட்ட காலத்தில் அவர் எந்தக் கட்சியையும் தடை செய்யவில்லை. பதவிக்காலத்துக்கு அப்போது உச்சவரம்பு இல்லை என்பதும் உண்மை. அது பின்னால்தான் வந்தது. கணையப் புற்றுநோயால் அவர் இறந்ததும் மசீரே அமைதியாகப் பொறுப்பேற்றார்.

குறையே இல்லாதவர் போலப் பேசுகிறீர்களே?

குறைகள் உண்டு, பெரியவை. அரசியலமைப்பு, பெரும்பான்மையினரான ட்ஸ்வானா மக்களின் எட்டு இனக்குழுக்களுக்குத்தான் தலைவர்கள் அவையில் நிலையான இடம் கொடுத்தது. கலங்கா உள்ளிட்ட மற்றவர்களின் மொழிகள் பள்ளிகளுக்கு வெளியே நின்றன. ஒரே நாடு, ஒரே மக்கள் என்ற எண்ணத்தின் மறுபக்கம் இது. மொழிக்காகக் குரல் கொடுத்த மரபில் வந்த நமக்கு இது எளிதில் புரியும்.

கலஹாரியின் தொல்குடிகளான சான் மக்கள் எல்லோருக்கும் கீழே வைக்கப்பட்டார்கள். மாட்டுப் பண்ணைகளில் கூலி இல்லாத குறையாக உழைத்தார்கள். 1975-இன் மேய்ச்சல் நிலக் கொள்கை பெரிய மந்தை வைத்திருந்தவர்களுக்குப் பொது நிலத்தை வேலியிட்டுக்கொள்ள வழி திறந்தது. அதில் இழந்தவர்கள் ஏழைகளும் சான் மக்களும். ஆளுங்கட்சித் தலைவர்களில் பலர் பெரிய மாட்டுக்காரர்கள் என்பதை மறைக்க முடியாது. வைரப் பணம் வந்தும் ஏற்றத்தாழ்வு குறையாததன் வேர் அங்கே இருக்கிறது.

பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பதவியைத் துறந்தார் என்றீர்கள். அப்படியானால் மகன் எப்படிக் கோசி ஆனார்?

1956-இல் அந்தத் துறப்பைக் கேட்டு வாங்கியது காலனி அரசு. பாமாங்வாட்டோ மக்கள் அதை மனதார ஏற்றதே இல்லை. 1979-இல் அவர்கள் மூத்த மகன் இயான் காமாவைக் கோசியாக அமர்த்தினார்கள். தந்தை அப்போது உயிரோடு இருந்தார். எழுத்தின்படி பார்த்தால் முரண்தான். மரபு அதிகாரத்தைக் குறைக்கப் பாடுபட்டவர் வீட்டிலேயே அது திரும்பி வந்ததை விமர்சிப்பவர்களும் உண்டு.

இயான் ராணுவத்தில் இருந்து அரசியலுக்கு வந்து 2008 முதல் 2018 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். பிறகு தந்தை தொடங்கிய கட்சியோடு பிணங்கி வெளியேறினார். ரூத் கணவரின் மரணத்துக்குப் பிறகும் போட்ஸ்வானாவிலேயே வாழ்ந்து 2002-இல் காலமானார். செரோவேயில் கணவருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். கட்சி 58 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டு, 2024 அக்டோபர் தேர்தலில் டுமா போகோ தலைமையிலான கூட்டணியிடம் தோற்றது. அப்போதைய தலைவர் மசிசி தோல்வியை உடனே ஒப்புக்கொண்டு ஆட்சியை ஒப்படைத்தார்.